மூங்கிலேரிக் கரையில் நான்கு வண்டிகள்

வாணியம்பாடி
22.10.2023

அன்புள்ள தேவயானிக்கு,

ஸலாம். பத்து நாளாக உன் நம்பருக்குப் போட்டுப் பார்க்கிறேன், ஸ்விட்ச் ஆஃப் என்றே வருகிறது. அதனால் பேப்பரை எடுத்துவிட்டேன். டீச்சர் டிரெய்னிங் படித்தபோது லீவுக்கு லீவு எழுதிக்கொள்வோமே, அதற்குப் பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். திருப்பத்தூர் ஹாஸ்டலை விட்டு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. இரண்டு பேருமே டீச்சர் ஆகவில்லை. நீ மலையில் சாமை விதைக்கிறாய், நான் கீழே வேன் விற்கிறேன்.

வேன் விஷயமாகத்தான் எழுதுகிறேன். ஒவைஸ் தோல் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, டெம்போ டிராவலர்களைக் கேரவனாக மாற்றிக் கொடுக்கும் பட்டறை போட்டிருப்பது உனக்குத் தெரியும். வாங்கினவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்திருக்கிறார்கள். பொங்கல் லீவில் எங்கேயாவது ஏரிக்கரையில் குடும்பத்தோடு மூன்று நாள் தங்க வேண்டுமாம். எனக்கு உடனே உன் அப்பா உன் பேருக்கு எழுதிவைத்த மூங்கிலேரி நிலம்தான் ஞாபகம் வந்தது. நீயும் அங்கே கூடாரம் போட்டு ஆட்களை வரவழைக்க வேண்டும் என்று போன ரம்ஜானுக்கு வந்தபோது சொன்னாய்.

நாலு கேரவன், கூடாரத்தில் தங்கும் மூன்று குடும்பம். பிள்ளைகள் மட்டும் பதினோரு பேர். வண்டி நிற்கச் சமதளம் வேண்டும், சாய்வாக இருந்தால் உள்ளே படுத்தவர்கள் உருண்டுவிடுவார்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீரை ஏரியில் விடக் கூடாது, அதற்கு ஒரு குழி வேண்டும். கூடாரக்காரப் பெண்களுக்குக் கக்கூஸ் வேண்டும். கரையோரம் எவ்வளவு ஆழம் என்று எழுது, என் சகிலாவுக்குத் தண்ணீரைக் கண்டால் நிற்கத் தெரியாது. இருபத்திரண்டு அடி வண்டி மலை வளைவுகளில் திரும்புமா என்று அவர் கேட்கச் சொன்னார்.

கடைசியாக ஒன்று. ஆட்கள் எப்படி? குடித்துவிட்டு வந்து வம்பு பண்ணுகிறவர்கள் யாராவது உண்டா? இருந்தால் இப்போதே சொல்லிவிடு. நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன், வேறு இடம் பார்த்துக்கொள்வேன்.

உன்
ஃபாயிசா

மூங்கிலேரி
3.11.2023

ஃபாயி,

லெட்டர் வந்துச்சு. உன் கையெழுத்தப் பாத்ததும் அப்படியே வாசப்படியில உக்காந்துட்டேன்.

போன் ஏரியில வுழுந்துடுச்சு. புதுசு வாங்கினா சொல்றேன். வாங்கினாலும் கரையில டவர் எடுக்காது, சந்தைக்கு ஜமுனாமரத்தூர் போனாதான் எடுக்கும். அதனால லெட்டரே போடு. எழுத்து கோணலா இருக்குதேன்னு நெனைக்காத, கேவுரு அறுக்கும்போது கையில கத்தி பட்டுடுச்சு, கட்டு போட்டிருக்கேன்.

நீங்க தாராளமா வரலாம். மூணு வண்டி நிக்க எடம் மட்டமாவே இருக்குது. நாலாவதுக்கு மேட்டை வெட்டினு இருக்கேன். ஆலங்காயம் வழியா வாங்க, அந்த ரோட்டுல பஸ்ஸே திரும்புது. ஒடுகத்தூர் பக்கமா வாணாம். சாயந்தரம் நாலு மணிக்குள்ள ஏறிடணும், அதுக்கு மேல பனி மூடிடும். கரையில இருந்து பத்தடிக்கு முட்டி ஆழந்தான், அப்பறம் திடீர்னு எறங்கும். அந்த எடத்துல கயிறு கட்டி சிவப்புத் துணி தொங்கவுடுறேன். தகரம் அடிச்சி ரெண்டு கக்கூஸ் போடுறேன். தை மாசக் குளிரு கடுமையா இருக்கும், கம்பளி நெறைய எடுத்தாங்க.

வெற்றிவேல் குடகுல மொளகு பறிக்கப் போயிருக்காரு, பங்குனியிலதான் திரும்புவாரு. நானும் என் பூங்கோதையும்தான் இங்க. அவளுக்கு ஆறு வயசு ஆவுது. சகிலா வருதுன்னு சொன்னதுல இருந்து தூங்கல. நாய் ஒண்ணு இருந்துச்சு, போன வாரம் செத்துப் போச்சு. வயசாயிடுச்சு அதுக்கு.

ஆளுங்களப் பத்திக் கேட்டிருந்த. எங்க அண்ணன் தீர்த்தகிரி வூடு கூப்புடு தூரந்தான். பயப்பட ஒண்ணும் இல்ல.

தேவயானி

வாணியம்பாடி
28.11.2023

அன்புள்ள தேவா,

ஒவைஸ் போன வாரம் வண்டியோடு வந்து இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஏரியைப் பற்றி அவர் பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. நாலாவது வண்டிக்கான இடத்தை நீ ஒரே ஆளாக மண்வெட்டியால் வெட்டிச் சமன் செய்திருப்பதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். ஏழு குடும்பமும் வருவதாக உறுதி சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை பதிமூன்றாம் தேதி வந்து, திங்கட்கிழமை இறங்குகிறோம். கோவையிலிருந்து கோகிலவாணி என்கிற பெண் ஏழு மாதக் கைக்குழந்தையோடு கூடாரத்தில் தங்க வருகிறாள்.

இனி எழுதுவதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் அவர் வழி கேட்டபோது, "அந்த நெலத்துலயா தங்கப் போறீங்க? போன மாசந்தான் அங்க வேலிய வெட்டிப் போட்டாங்க" என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அங்கே வந்து பார்த்தால் உன் கொட்டகை எரிந்து கிடந்தது. நீ சாமைத் தாளைக் கொளுத்தியபோது நெருப்பு தாவிவிட்டது என்றாயாம். உன் கைக்கட்டைப் பற்றியும் சொன்னார். அறுக்கும்போது பட்டால் உள்பக்கம்தான் படும், தேவயானிக்கு முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் அடிபட்டிருக்கிறது என்றார்.

அவர் சும்மா சொன்னார், நான்தான் பிடித்துக்கொண்டேன். ஹாஸ்டலில் காய்ச்சல் வந்தால்கூட ஒளிப்பவள் நீ. இங்கே வரப்போவது பிள்ளைகள். ஏதாவது இருக்கிறதா, தேவா? ஆம் அல்லது இல்லை, ஒரே வார்த்தை எழுது.

ஃபாயிசா

மூங்கிலேரி
9.12.2023

ஃபாயி,

இல்ல.

வேலிய ஒடச்சது பன்னி. கூட்டமா வந்துச்சுன்னா கல்லுக்காலையே சாய்ச்சிடும். டீக்கடைக்காரருக்கு இன்னா, வாய்க்கு வந்ததப் பேசுவாரு. கட்டு அவுத்தாச்சு, கை நல்லா இருக்குது.

மேல மூணு வரி எழுதி அடிச்சிட்டேன், இன்னான்னு யோசிக்காத. சந்தைக்குப் போற அவசரம்.

நீங்க வர்றீங்கன்னு ஊர் முழுக்கச் சொல்லிட்டேன். நாலு பெரிய வண்டி, ஏழு குடும்பம், கொழந்தைங்கன்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப வரலன்னு சொல்லிடாத. இந்த நெலத்துல வேற எதுவும் நிக்காது எனக்கு, இது ஒண்ணுதான். ரெண்டு கக்கூசும் முடிச்சிட்டேன். கயிறும் கட்டியாச்சு.

கண்டிப்பா வா.

தேவயானி

வாணியம்பாடி
11.2.2024

தேவயானி அவர்களுக்கு,

ஆஸ்பத்திரிக்கு நீங்கள் யார் போனிலிருந்தோ கூப்பிட்டீர்கள் என்று என் மாமியார் சொன்னார். கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. சொல்ல வேண்டியதை இதில் சொல்லிவிடுகிறேன்.

ஒவைஸுக்கு இடது கண் போய்விட்டது. வேலூரில் இரண்டு ஆபரேஷன் செய்து பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். கன்னத்து எலும்பில் தகடு வைத்திருக்கிறார்கள். சாப்பிடும்போது வாயின் ஒரு பக்கம் வழிவது அவருக்குத் தெரிவதில்லை. நான் துடைத்தால் கையைத் தட்டிவிடுகிறார். சகிலா எட்டு வயதில் மறுபடியும் படுக்கையை நனைக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி. நல்ல வெயில். ஆண்களும் பெரிய பிள்ளைகளும் ஏரியின் அந்தக் கோடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அண்டாவில் பிரியாணிக்கு வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் துண்டு சுற்றிய ஆறு பேர் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர்கள் கத்தவே இல்லை, அதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பேசாமல் கூடாரங்களை வெட்டினார்கள். கோகிலவாணியின் குழந்தை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. துணியைக் கிழித்து வந்த கத்தி அதன் தலைக்கு ஒரு சாண் மேலே இறங்கியது. அவள் குழந்தையை இழுத்துக்கொண்டு ஓடும்போது அண்டாவை உதைத்தார்கள். அவளுடைய இரண்டு காலும் கொதிக்கிற எண்ணெயில் வெந்துபோயின. பிறகு வண்டிகளின் கண்ணாடிகளை உடைத்தார்கள். பிறகு உங்களைத் தேடினார்கள். உங்கள் அலறலைக் கேட்டுத்தான் ஒவைஸ் ஏரியிலிருந்து ஓடி வந்தார். யார் என்று அவர் பார்ப்பதற்குள் பக்கவாட்டிலிருந்து கம்பி முகத்தில் விழுந்தது.

ஆம் அல்லது இல்லை என்று கேட்டேன். பன்றி என்று எழுதினீர்கள். உங்கள் அண்ணனோடு நிலத் தகராறு என்று மலையில் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கிறது. பதினோரு பிள்ளைகளைக் கூட்டி வந்த எனக்கு மட்டும் தெரியாது.

உங்கள் கை எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப் போவதில்லை.

ஃபாயிசா

மூங்கிலேரி
25.2.2024

ஃபாயி,

நீ என்னை நீங்கன்னு எழுதுனத நாலு தடவ படிச்சேன். உனக்கு அந்த உரிமை இருக்குது.

ஒளிச்சது எல்லாத்தையும் எழுதறேன். கீழ இருந்து ஒரு ஆளு ஏரிக்கரையில பாரோட ரிசார்ட்டு கட்ட எடம் கேட்டாரு. அண்ணன் என்னைக் கேக்காமயே என் நெலத்துக்கு வாக்கு குடுத்துட்டான். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னேன். அக்டோபர் மாசம் ஒரு நாள் கழனியில வெச்சி கட்டையால அடிச்சான். தலைக்கு வந்தத கையால தடுத்தேன். என் போனைப் புடுங்கி பாறை மேல போட்டு ஒடச்சான். ஏரியில வுழல. நாய்க்கு வெஷம் வெச்சான். வேலிய வெட்டினான். கொட்டகைய கொளுத்தினான். போலீசுக்குப் போனேன், அண்ணன் தங்கச்சி சண்டைய வூட்டுல வெச்சிக்கோங்கன்னு அனுப்பிட்டாங்க.

அப்பதான் உன் லெட்டர் வந்துச்சு. வெளியூர் குடும்பம், கொழந்தைங்க, பெரிய வண்டிங்க வந்து நின்னா அவன் கை வைக்க மாட்டான்னு நெனச்சேன். நீங்க படம் புடிச்சி நெட்டுல போட்டீங்கன்னா, எடம் நாலு பேருக்குத் தெரிஞ்சிடும், அப்பறம் தொடவே முடியாதுன்னு நெனச்சேன். உங்கள எனக்கு மறைப்பா நிக்க வெச்சேன், ஃபாயி. கொழந்தைங்களையும் சேத்துதான். பன்னின்னு எழுதினப்ப இது எனக்குத் தெரியும். மன்னிச்சுடுன்னு எழுத கூசுது.

எனக்கு வலது கையில ரெண்டு வெரலு இல்ல. இடது கையால எழுதப் பழகினு இருக்கேன். பூங்கோதைக்குத் தோள்பட்டை எலும்பு ஒடஞ்சது கூடிடுச்சு, கைய மேல தூக்க வரல.

ஒண்ணு கேக்கணும். அண்ணன ஜெயில்ல வெச்சிருக்காங்க. அவன் அன்னிக்கி திருப்பத்தூர்ல இருந்தேன்னு சொல்றான், அதுக்கு மூணு சாட்சி வெச்சிருக்கான். நான் மண்வெட்டியால ஒருத்தன் கெண்டைக்கால எலும்பு தெரிய வெட்டினேன், அவன் மட்டுந்தான் அங்கயே மாட்டினான். அவன் வாயத் தொறக்கல. நான் சொன்னா பகையில சொல்றேங்கறாங்க. பூங்கோதை கொழந்தை, அவ சாட்சி எடுபடாதாம். உன் வண்டிகிட்ட அண்ணன் மூஞ்சியில இருந்து துண்டு அவுந்துச்சு. வண்டிக்குள்ள இருந்து யாராச்சும் பாத்திருந்தா அது போதும்னு வக்கீலு சொல்றாரு.

தேவயானி

வாணியம்பாடி
20.3.2024

நான் எதையும் பார்க்கவில்லை. சகிலாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி அவள்மேல் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். போலீஸிடமும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். ஒவைஸுக்கும் இது தெரியும்.

இனி எழுத வேண்டாம்.

ஃபாயிசா

மூங்கிலேரி
2.4.2024

நீ பாத்த, ஃபாயி.

இத எழுதக் கூடாதுன்னுதான் போன லெட்டர்ல யாராச்சும்னு எழுதினேன். நீயா சொல்லுவேன்னு பாத்தேன்.

பூங்கோதையத் தூக்கிகினு உன் வண்டிக்குதான் ஓடி வந்தேன். மத்த மூணும் கண்ணாடி ஒடஞ்சி கெடந்துச்சு. படியில ஏறி நின்னு கதவத் தட்டினேன். உள்ள தாழ்ப்பாள் வுழுந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. முன்னாடியே பூட்டி இருந்துச்சுன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நான் வந்து நின்ன அப்பறந்தான் வுழுந்துச்சு. பக்கத்து ஜன்னல்ல கொசுவலைக்குப் பின்னாடி உன் மூஞ்சி. நமக்கு நடுவுல ஒரு முழம் இருக்குமா? "என்னை வாணாம், பூங்கோதைய மட்டும் உள்ள வாங்கிக்க"ன்னு சொன்னேன். உன் வாயி அசைஞ்சுது. நீ இன்னா சொன்னியோ தெரியல.

அண்ணன் பின்னாடி வந்து என் மயிரப் புடிச்சி இழுத்தான். பூங்கோதை என் கையில இருந்து நழுவி படிக்கட்டு இரும்புல வுழுந்தா. நான் திரும்பி அவன் துண்டப் புடிச்சி இழுத்தேன். அவுந்துச்சு. அவன் மூஞ்சி நேரா உன் ஜன்னலுக்குத் தெரிஞ்சுது. என்னையும் பாத்த, அவனையும் பாத்த. அப்பறந்தான் கத்தி எறங்குச்சு. கைய நீட்டினேன், ரெண்டு வெரலு உன் வண்டிப் படியிலயே வுழுந்துச்சு. ஒவைஸ் அண்ணன் ஓடி வரலன்னா அடுத்தது கழுத்துல. அவருக்கு என்னைக் காப்பாத்தணும்னு எந்த அவசியமும் இல்ல. ஆனா வந்தாரு.

நான் உன்கிட்ட பொய் சொன்னேன். நீ கதவ மூடின. ரெண்டுல எது பெருசுன்னு சண்ட போட எனக்குத் தெம்பு இல்ல. கோர்ட்டுல பாத்தத சொல்லு. அது மட்டுந்தான் கேக்கறேன்.

தேவயானி

மூங்கிலேரி
18.11.2024

ஃபாயி,

நீ பதில் போட மாட்டேன்னு தெரிஞ்சும் எழுதறேன். இது கடைசி.

அண்ணன் ஜாமீன்ல வந்துட்டான். மூணு மாசம் கீழ ஸ்டேஷன்ல கையெழுத்துப் போட்டுட்டு இப்ப ஊருக்கே வந்துட்டான். காத்தால நான் தண்ணிக்குப் போவும்போது எதிர்ல நின்னு என் கையப் பாத்து சிரிக்கறான். பொட்டிக் கடையில நின்னு, மிச்சம் எட்டுதான்னு சொன்னானாம். கரையில இருந்த என் புளியமரம் ரெண்டையும் சாய்ச்சிட்டான். நாலு வண்டி நின்ன எடத்துல கண்ணாடித் தூள கொட்டி வெச்சிருக்கான். போன வாரம் பூங்கோதை பள்ளிக்கூடம் போற வழியில கல்லால அடிச்சாங்க, காதுக்குப் பக்கத்துல நாலு தையல்.

வெற்றிவேல் குடகுக்குப் போறத நிறுத்திட்டாரு. தலமாட்டுல அருவா வெச்சிகினுதான் படுக்கறாரு. தையல் போட்டுட்டு வந்த அன்னிக்கி அருவாள எடுத்துகினு கெளம்பிட்டாரு. நான் காலக் கட்டிகினு வுழுந்து தடுத்தேன், என்னை உதறினாரு, வாசக்கல்லுல நெத்தி ஒடஞ்சுது. ரத்தத்தப் பாத்துதான் நின்னாரு. இதுவரைக்கும் என்னை ஒரு அடி அடிச்சதில்ல.

இங்க ஒரு கொலை வுழும். யாரு யாரன்னுதான் தெரியல. கேசு அடுத்த வருஷம் வருதாம். உனக்கு சாட்சி சம்மன் வரும். வந்து பாக்கலன்னு சொன்னாலும் சொல்லு. நான் வேற எதுவும் எழுத மாட்டேன்.

தேவயானி

வாணியம்பாடி
6.7.2025

தேவா,

உன் கடைசிக் கடிதங்கள் இரண்டும் என் பீரோவில் துணிக்கு அடியில் இருந்தன. ஒன்றேகால் வருஷமாக அதை நான் மட்டும்தான் திறப்பேன்.

தாழ்ப்பாளைப் போட்டது நான்தான். நீ வந்த பிறகுதான் போட்டேன். நீ தட்டியபோது திறக்கத்தான் கை போனது. உன் தோளுக்குப் பின்னால் அவன் வருவதைப் பார்த்தேன். கை திறக்காமல் மூடிவிட்டது. பயம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். மீதியையும் சொல்கிறேன். அந்த நொடியில் எனக்கு உன்மேல் கோபம் வந்தது. இவள் அவனை என் பிள்ளை இருக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு வருகிறாளே என்று. பூங்கோதையை வாங்கிக்கொள் என்று நீ சொன்னது தெளிவாகக் கேட்டது. என் வாய் அசைந்தது என்று எழுதியிருந்தாய். "போ" என்று சொன்னேன், தேவா. வேறு ஒன்றும் இல்லை. போ என்றுதான் சொன்னேன்.

சகிலாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி மேலே படுத்தது எல்லாம் பிறகு. நீ கீழே கிடந்த பிறகு.

போன மாதம் சம்மன் வந்தது. ஒவைஸ் என்னோடு தானும் வருவதாகச் சொன்னார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் அவர் ஒரே கதையைத்தான் சொல்லிவருகிறார். என் கண் போனால் போகிறது, இவள் பிள்ளைமேல் படுத்துக் காப்பாற்றினாளே என்பார். சம்மன் வந்த அன்று அவருடைய அக்காவிடமும் சொன்னார். அவர்கள் என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவர்கள் போனதும் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன். நீ எழுதியதையும் படிக்கக் கொடுத்தேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடித்தார். பட்டறைக்குப் போய், நாங்கள் வந்தோமே அந்த வண்டியின் கதவைச் சம்மட்டியால் அடித்துப் பெயர்த்துப் போட்டார். வேலைக்காரர்கள் பயந்து வெளியே நின்றார்கள். ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாவது நாள் சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார்: "நீ திறந்திருந்தா சகிலாவுக்கு என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது. அதுக்காக நான் உன்னைக் கேக்க மாட்டேன். ஆனா ஒன்றரை வருஷமா என் முகத்தைப் பாத்து பொய் சொன்னே. எனக்கு ஒரு கண்ணுதான் போச்சு. இன்னொண்ணால உன்னைப் பாத்துட்டுதான் இருந்தேன்."

அரசு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னால் எதிர்த்தரப்பு என்னைக் கிழித்துவிடும் என்றார். கிழிக்கட்டும் என்றேன். யாரோ தெரிந்துகொண்டு விட்டார்கள். போன புதன்கிழமை பட்டறை வாசலில் துண்டு சுற்றிய இரண்டு பேர் பைக்கில் வந்து, சகிலா படிக்கும் பள்ளியின் பெயரையும் வகுப்பையும் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவைஸ் இரும்புக் குழாயோடு பைக்கின் பின்னால் தெருக்கோடி வரை ஓடினார். பிள்ளையை அவருடைய அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி கோர்ட்டுக்கு வருகிறேன்.

ஃபாயிசா

மூங்கிலேரி
7.12.2025

ஃபாயி,

கோர்ட்டுல உன்னைப் பாத்து நாலு மாசம் ஆவுது. எழுதலாம்னு உக்காருவேன், பேப்பர மடிச்சி வெச்சிடுவேன். தீர்ப்பு வரட்டும்னு சாக்கு சொல்லினு இருந்தேன். போன மாசம் வந்துடுச்சு. அண்ணனுக்கு ஏழு வருஷம். கால் வெட்டுப்பட்டவனுக்கு அஞ்சு. கம்பியால அடிச்சவன் யாருன்னு கடைசி வரைக்கும் தெரியல, ஒவைஸ் அண்ணன்கிட்ட அத சொல்லவே எனக்கு மூஞ்சி இல்ல. அப்பீலு போறாங்களாம். அண்ணி வந்து வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போனா. அவங்க ஆளுங்க எங்க வூட்டுக் கூரை மேல ஒரு நாள் கல்லு போட்டாங்க. அதுக்கப்பறம் ஒண்ணும் இல்ல. ஊருல அவன் பேரச் சொல்ல பயந்தவங்க இப்ப கொஞ்சம் கொஞ்சமா பேசறாங்க.

நீ கூண்டுல நின்ன அன்னிக்கி நான் பின்னாடி பெஞ்சுல இருந்தேன். நீ பாத்தியான்னு தெரியல. அண்ணனோட வக்கீலு உன்னை விட்ட பாடில்ல. முன்னாடி பாக்கலன்னு சொன்னீங்க, இப்ப பாத்தேங்கறீங்க, எது பொய்யின்னு கேட்டாரு. முன்னாடி சொன்னதுன்னு சொன்ன. அப்பறம் குரல ஏத்தி, சிநேகிதியோட கொழந்தைய உள்ள வாங்காம தாழ்ப்பாள் போட்ட பொம்பளைய இந்தக் கோர்ட்டு எதுக்கு நம்பணும்னு கேட்டாரு. எல்லாரும் உன்னையே பாத்தாங்க. ஒவைஸ் அண்ணன் தலையக் குனிஞ்சிகினாரு. நீ கூண்டுக் கம்பியப் புடிச்சிகினு வக்கீலையே பாத்த.

"என்னை நல்லவள்னு சொல்ல நான் வரல சார். நான் நல்லவளா இருந்திருந்தா கதவைத் திறந்திருப்பேன், அவன் முகத்தை இவ்வளவு நேரம் பாத்திருக்க மாட்டேன்"னு சொன்ன. அப்பறம் திரும்பி அண்ணன காட்டின. நீட்டின கைய எறக்கல. அவன் உன்னைப் பாத்த பார்வை எனக்குத் தெரியும், கழனியில என்னைப் பாத்த அதே பார்வை. உனக்கு இனிமே அந்த பயம் இருக்கும். எனக்கும் இருக்குது. ஏழு வருஷம் முடியுமில்ல.

வெளியில குழாயடியில நீ மூஞ்சி கழுவினு நின்ன. நான் பத்தடி தூரத்துல நின்னேன். வரலாம்னுதான் பாத்தேன். காலு வரல. ஒவைஸ் அண்ணன் வந்து பூங்கோதையக் கைய தூக்கிக் காட்டச் சொன்னாரு, அவ தோளு வரைக்கும் தூக்கினா. அவரு அந்தக் கையப் புடிச்சிகினு அழுதாரு. அவ அவரு கருப்புக் கண்ணாடிய கழட்டிப் பாக்கணும்னு கேட்டா, கழட்டிக் காட்டினாரு. அவ பயப்படல.

நீ "போ"ன்னு சொன்னத எழுதாம விட்டிருக்கலாம். எனக்குத் தெரிஞ்சிருக்காது. அத படிச்ச அன்னிக்கி உன் லெட்டர கிழிச்சி அடுப்புல போட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சி பாதி எரிஞ்சத எடுத்து அணைச்சேன்.

போன சனிக்கெழம சேலத்துல இருந்து ரெண்டு கேரவன் வந்துச்சு, யாரோ சொல்லி. வண்டிய நிறுத்தறதுக்கு முன்னாடியே ரெண்டு குடும்பத்தையும் ரோட்டோரமா நிக்க வெச்சி எல்லாத்தையும் சொன்னேன். யாரு ஜெயில்ல இருக்கறான், யாரு வெளிய இருக்கறாங்க, அந்த ஞாயித்துக்கெழம இன்னா நடந்துச்சு, எல்லாம். கையையும் காட்டினேன். வெற்றிவேல் பக்கத்துல நின்னு தல ஆட்டினாரு. ஒரு வண்டி அங்கயே திருப்பிகினு போயிடுச்சு. இன்னொரு வண்டியில இருந்த அம்மா என் கையையே பாத்துனு இருந்தாங்க. கடைசியில கீழ எறங்கி, தண்ணி எங்க புடிக்கறதுன்னு கேட்டாங்க. ரெண்டு நாள் இருந்தாங்க. நான் ரெண்டு நாளும் மேட்டுல உக்காந்து வழியப் பாத்துனே இருந்தேன்.

உன்னை வான்னு எழுதத்தான் இன்னிக்கி உக்காந்தேன். வரல. அந்த வார்த்த எனக்கு இன்னும் வரல, ஃபாயி. ஆனா நீ லெட்டர் போடு. வந்தா படிப்பேன்.

தேவயானி